போர்ட் வெல்ட் ரயில் நிலையம்: அங்கே இப்போது என்ன எஞ்சியிருக்கிறது, எப்படிப் போவது?

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைத் தைப்பிங் பக்கம் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது என்பதை வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இன்று கோலா செபத்தாங் எனப்படும் அந்த ஊரில் நிலையத்தின் அடையாளம் ஏதேனும் இருக்கிறதா? அவ்வளவு சிறிய ஊருக்கு முதல் ரயில் ஏன் போனது? "அது தமிழர்கள் போட்ட பாதை" என்று மாணவர்களுக்கான குறிப்பேட்டில் எழுதலாமா? பட்டர்வொர்த்திலிருந்து ரயிலிலேயே போய்வர வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1: செந்தூல்வாசி, கோலாலம்பூர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, அந்தப் பாதை ஏன் ஏறக்குறைய 13 கிலோமீட்டரோடு நின்றது என்பதுதான். தைப்பிங்கைச் சூழ்ந்த லாரூட் பகுதியில் தோண்டிய ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியும் மழையில் சேறாகும் சாலையும் போதவில்லை. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசனை கூறும் அதிகாரியாக) இருந்த ஹியூ லோவின் காலத்தில் இதற்குத் தீர்வாக மீட்டர் அகலப் பாதை ஒன்று போடப்பட்டு, 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. கடலோர முனைக்கு நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். ஆக, ஈயம் இருந்த இடத்தையும் கப்பல் வந்த இடத்தையும் இணைத்தால் போதும் என்பதே அன்றைய கணக்கு. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும், 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும் போடப்பட்ட பாதைகளும் இதே கணக்கில் வந்தவைதான்.

பின்னர் இந்தத் துண்டுப் பாதைகளை வடக்கு தெற்காக இணைத்த நெடும்பாதை வந்தது. 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடத் தொடங்கியது. பினாங்குத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையான பிறைக்கே ரயில் நேராகப் போகும்போது, கண்டல் காட்டுக்குள் ஒதுங்கியிருந்த சிறு துறைக்கு ஈயத்தை அனுப்ப வேண்டிய தேவை குறைந்துவிட்டது. எந்த ஈயத்துக்காகப் பிறந்ததோ அந்தச் சரக்கையே போர்ட் வெல்ட் இழந்தது. நாளடைவில் தண்டவாளமும் அகற்றப்பட்டது.

தமிழர் பற்றிய கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினர் (சாலை, பாலம் போடும் தொழிலாளர் படையினர்) வரவழைக்கப்பட்டார்கள். குறிப்பேட்டில் "இலங்கைப் பயனியர் படை" என்றே எழுதுங்கள். அதைத் "தமிழர்கள் மட்டும்" என்று சுருக்குவது சரியாகாது. நம்மவர் பங்கு அந்த ஒரு பாதையோடு முடிந்துவிடவுமில்லை. அடுத்து வந்த காலமெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தண்டவாளத்தைப் பராமரித்தார்கள், யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள், கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பட்டறையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உழைத்தன. மிகைப்படுத்தாமல் சொன்னாலே போதுமான அளவு பெரிய வரலாறு இது.

பதில் 2: ரயில்வே குடும்பத்தவர், புக்கிட் மெர்தாஜாம்

டீச்சர், ஒரு சிறிய நிலையத்தில் என்னதான் வேலை நடந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். என் தந்தையார் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இருந்த சிறு நிலையங்களில் பணியாற்றியவர். தடித்த அட்டைச் சீட்டில் தேதி குத்திக் கொடுப்பது, மீன் கூடைகளையும் பார்சல்களையும் நிறுத்து ரசீது போடுவது, கைகாட்டி மரத்தை இறக்குவது எல்லாவற்றையும் ஓரிரண்டு பேரே பார்த்துக்கொண்டார்கள்.

அவற்றுள் மிகப் பொறுப்பானது டோக்கன் கொடுப்பது, அதாவது அடுத்த நிலையம்வரை போக அனுமதி என்பதற்கான அடையாளத்தை ஓட்டுநரிடம் கொடுப்பது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டிருக்கும்வரை எந்தப் பெட்டியிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது என்பதால், ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வர வழியில்லை. நிற்காத ரயிலுக்கு, டோக்கன் பையைப் பெரிய வளையத்தில் மாட்டி உயர்த்திப் பிடிப்பார்கள். ஓட்டுநர் கையை நீட்டி அதைத் தோளுக்குள் வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த வளையத்தை நடைமேடையில் போட்டுவிட்டுப் போவார். மழை நாளில் ஒரு கையில் விளக்கும் மறு கையில் வளையமுமாக அப்பா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ரயிலின் வேகத்தில் வளையம் பிடுங்கிக்கொண்டு போகும்போது அவர் உடம்பே அரைச் சுற்றுத் திரும்பிவிடும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் மாத இறுதிவரை, அதாவது தஞ்சோங் பகார் நிலையம் மூடப்படும்வரை, இந்த முறை புழக்கத்தில் இருந்தது.

பதில் 3: நிபோங் தெபால் பயணி

போகும் வழியை நான் சொல்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் ரெங்காஸ் பக்கம் போகும் கோமுட்டரில் (ஊருக்கு ஊர் நிற்கும் மின்ரயிலில்) ஏறி, தைப்பிங்கில் இறங்குங்கள். அதற்கு இருக்கை எண் கிடையாது. இ.டி.எஸ். எனும் விரைவு மின்ரயிலில் ஒவ்வொருவருக்கும் முன்பதிவு வேண்டும். பள்ளிக் குழுவுக்குக் கோமுட்டரே சிக்கனம். பாகான் செராயைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் மேல் ரயில் போகும்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

தைப்பிங்கிலிருந்து கோலா செபத்தாங் சாலை வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்கே போக ரயில் இல்லாததால் வேனோ பேருந்தோ முன்கூட்டியே பேசி வையுங்கள். வழியில் மாத்தாங்கில், லாரூட்டை ஆண்ட மலாய்த் தலைவர் ஙா இப்ராஹிமின் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. லாரூட்டின் ஈயச் செல்வம் எப்படிப்பட்டது என்பதை அங்கே விளக்கலாம். தைப்பிங் ஊருக்குள்ளும் ஒன்றைக் காட்டுங்கள்: முதல் ரயில் நிலையம் இருந்த இடத்தில் இன்று எட்வர்ட் VII தொடக்கப்பள்ளி நிற்கிறது.

கோலா செபத்தாங்கில் நிலையக் கட்டடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பயணச்சீட்டு விற்ற சிறு முகப்பும், ரோமன், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் ஊர்ப் பெயர் தாங்கிய பலகையும்தான் எஞ்சியவை. கடைகளுக்கு நடுவே இருப்பதால், காப்பிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுங்கள். பிறகு பாக்காவ் (கண்டல் மரம்) கட்டைகளைக் கரியாக்கும் செங்கல் சூளைகளைப் பார்க்கலாம். கோமுட்டர் அடிக்கடி கிடையாது. திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் பார்த்து, அதை வைத்து மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

ஆசிரியை, பட்டர்வொர்த்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டை இலங்கைப் பயனியர் படை என்றே திருத்திவிட்டேன். புக்கிட் மெர்தாஜாம் ஐயா அவர்களே, பயணத்துக்கு முன் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வந்து டோக்கன் முறையை நேரில் விளக்க முடியுமா?

ரயில்வே குடும்பத்தவர், புக்கிட் மெர்தாஜாம்

கட்டாயம் வருகிறேன், டீச்சர். பிரம்பில் ஒரு வளையம் கட்டி எடுத்து வருகிறேன். திடலில் இரண்டு நிலையங்களைக் குறித்து, பிள்ளைகளையே ரயிலாக ஓடவிட்டுக் காட்டிவிடலாம். எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.