புயல் நாட்களில் அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம்: வேளச்சேரிக்காரர்கள் உதவுங்கள்

வணக்கம். வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு இரவில் ஆக்சிஜன் இயந்திரம் இல்லாமல் முடியாது. அது மின்சாரத்தில்தான் ஓடும். வடகிழக்குப் பருவமழைக்குள் ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று தவிக்கிறேன்.

2016 டிசம்பரில் வர்தா புயல் காற்றால் மரங்களைச் சாய்த்துவிட்டு விரைவாகக் கடந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்ததோ ஆந்திராவில், பாபட்லா அருகே; ஆனால் நமக்கு அருகில் கடலில் மெதுவாக நகர்ந்தபடி கொட்டித் தீர்த்தது. ஆகவே எங்கே கரையேறும் என்பதைவிட, எவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்கும் என்பதே என் கவலை. வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தில் மேகக் கூட்டம் கடலிலிருந்து வரிசையாக வருவது தெரிகிறது. அதன் வேகத்தை எப்படிக் கணிப்பது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

அதைவிட அவசரம்: இந்த இயந்திரத்தை இன்வெர்ட்டரில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் தாங்கியது? எங்களுடையதன் பின்புறம் 350 வாட்ஸ் என்று ஒட்டியிருக்கிறது. வெள்ளம் புகுந்தால் பேட்டரியை எவ்வளவு உயரத்தில் வைப்பது பாதுகாப்பு? சிலிண்டர் வாடகைக்குத் தருபவர்கள் அருகில் உண்டா? சிவப்பு எச்சரிக்கை வந்ததும் அம்மாவுடன் தங்க முதல் மாடியில் ஓர் அறை கிடைத்தால் வாடகை தந்துவிடுகிறேன். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.