கவுன்சிலர் இல்லாத காலத்தில் என் போன்

2016 அக்டோபரில் வேலூர் மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆணையரே தனி அலுவலர். தீர்மானத்தை வைப்பவரும் அவர், நிறைவேற்றுபவரும் அவர். 60 வார்டுகளுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

முதலில் இதை வெறும் செய்திப் பஞ்சம் என்றுதான் நினைத்தேன். மாமன்றக் கூட்டம் நடந்தால் நிருபருக்குப் பிழைப்பு ஓடும். ஒரு வெளிநடப்பு, இரண்டு வாக்குவாதம், அஜெண்டாவின் கடைசிப் பக்கங்களில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கும் ஒரு டெண்டர். அதெல்லாம் போயிற்று. பிறகு போன் வரத் தொடங்கியது.

கொசப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா. "தம்பி, பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. எப்போது விடுவீர்கள்?" நான் நிருபர் அம்மா, வால்வு திறப்பவன் இல்லை என்றேன். "பழைய கவுன்சிலரும் நான் இல்லை என்கிறார், நீயும் இல்லை என்கிறாய். அப்படியானால் யார்தான் ஆள்?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அன்றிரவு வால்வு திறக்கும் ஊழியரின் பின்னாலேயே வண்டியில் சுற்றினேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் மேட்டூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிடுகிறது. தெருமுனையிலிருந்து வீட்டுக் குழாய்க்கு வருவதுதான் பெரும்பாடு. எந்தத் தெருவுக்கு முதலில், எவ்வளவு நேரம் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை, அவர் தலைக்குள் இருக்கிறது. ஆறு வரிச் செய்தி வந்தது. மறுநாளே அந்தத் தெருவில் தண்ணீர். எனக்கு ஏகப் பெருமை. மூன்றாம் நாள் அடுத்த தெருவிலிருந்து போன்: அவர்கள் பங்கு குறைந்துவிட்டதாம். தண்ணீர் கூடவில்லை, பற்றாக்குறையை இடம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவே.

2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, பணப் பட்டுவாடா புகாரில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானபோது வெளியூர் கேமராக்கள் வந்து குவிந்தன. நோயாளிகளின் உறவினர் தங்கும் ஆற்காடு சாலை லாட்ஜுகளில் அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்தேன். ஆகஸ்ட் 5 அன்று தேர்தல் முடிந்ததும் போய்விட்டார்கள். அன்றைக்கும் எனக்குச் சாக்கடை அடைப்பு பற்றி நான்கு அழைப்புகள்.

காட்பாடிப் பகுதிநேர நிருபர்:
அண்ணா, உங்களுக்காவது சம்பளம் உண்டு. எனக்கு வெளியான செய்திக்குத்தான் காசு, பெட்ரோலுக்கே போதாது. திங்கள்தோறும் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்வுக் கூட்டம். ஒருமுறை மனுவோடு நின்ற பெரியவர் என்னை அதிகாரி என்று நினைத்து மனுவை என் கையில் திணித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க மனமில்லை. நகல் எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்று நானே கொடுத்தேன். அது செய்தியாகவில்லை, காசும் இல்லை. இன்னொரு பக்கம், பிரஸ் மீட்டில் நீளும் பணக் கவர். வாங்காவிட்டால் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பது கொடுத்தவர் அல்லர், பக்கத்து நாற்காலிக்காரர்!

தோட்டப்பாளையத்து வாசகர்:
குறை நினைக்க வேண்டாம். 2022 ஜூனில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் சக்கரம் புதையச் சிமென்ட் சாலை போட்டார்களே, அதை நாடு முழுவதும் பார்க்கவைத்தது செல்போன் வீடியோ. உங்கள் பத்திரிகைகள் பின்னால்தான் வந்தன.

மறுபடியும் நான்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தெருவின் வடிகால் எந்தப் பக்கம் வழிகிறது என்று எவரும் வீடியோ எடுப்பதில்லை. எடுத்தாலும் யார் பார்ப்பார்கள்?

புதிய மாமன்றம் வந்ததும் என் போன் ஓயும் என்று நம்பினேன். சில மாதங்களில் ஒரு கவுன்சிலரே அழைத்தார். "சார், என் வார்டில் தண்ணீர் சரியாக வரவில்லை. நான் சொன்னால் நடக்கவில்லை. நீங்கள் ஒரு செய்தி போட்டால் கவனிப்பார்கள்."

எந்தத் தெருவில் குறைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். சிரித்தார், பெயர் சொல்லவில்லை.