டிராப் ஆஃப்: கடற்சுவரா, பார்விளிம்பா?

> எரிமலைத் தீவை ஒட்டி நீருக்குள் திடீரென்று ஆழம் விழும் இடத்தை டைவர்கள் டிராப் ஆஃப் என்கிறார்கள். நம் கலைச்சொல் அகராதியில் அதைக் 'கடற்சுவர்' எனலாமா?

ஐயா, 'கடற்சுவர்' வேண்டாம். குமரி மாவட்டக் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிப் போட்டிருக்கிறார்களே, சுவர் என்றால் குளச்சல்காரருக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

அந்தமானின் பாரன் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 3 கி.மீ. தான், உச்சி சுமார் 350 மீட்டர், ஆனால் கடலடியிலிருந்து 2 கி.மீ.க்கு மேல் எழும்பி நிற்கிற எரிமலையின் நுனி அது, அதனால் மன்னார் வளைகுடாத் தீவுகள் மாதிரி ஆழமில்லாத தண்ணீர் சுற்றிலும் பரந்து கிடக்காது, கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே கீழே தரை இல்லை. நீரோட்டம் இந்தச் சரிவில் மோதி ஆழத்துச் சத்துநீரை மேலே தள்ளும், மிதவையுயிர்கள் பெருகும், அவற்றை வாயைத் திறந்தபடி வடிகட்டித் தின்னக் கொம்புத்திருக்கை (மான்ட்டா ரே) வரும். டைவர்கள் தேடிப் போவது அந்த விளிம்பைத்தான். ஆகவே 'பார்விளிம்பு' என்கிறேன். கடலடிப் பாறைத்திட்டைச் சொல்லும் பார் நம் கடற்கரைச் சொல், தூத்துக்குடியின் தொள்ளாயிரம் பார் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்புறம், அகராதி வரைவில் டைவருக்கு 'மூழ்குநர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கடலோரத்தில் மூழ்கினவன் என்றால் திரும்பி வராதவன். முத்துக் குளித்தவரைச் சொன்ன 'குளியாள்' இருக்கும்போது அது எதற்கு?

> குளியாள் சரி. பார் என்பது மீன் அடையும் பாறைத்திட்டு அல்லவா? நேற்று இறுகிய எரிமலைக் குழம்பைப் பார் எனலாமா?

எனலாம் ஐயா. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் குனுங் அப்பி 1988-ல் வெடித்து, குழம்பு கடலுக்குள் ஓடி அங்கிருந்த பவளத்தை மூடிவிட்டது. ஐந்தே ஆண்டில் அந்தக் கருங்குழம்பின் மேல் 120-க்கு மேற்பட்ட பவள இனங்கள் வந்து ஒட்டிவிட்டன, தட்டுப்பவளம் சில கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிட்டது. பவளம் வந்தால் மீனும் அடையும், அப்புறம் அது பார்தானே.

> விளிம்புக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் பக்கத்துக்கு?

'பார்மதில்'. சாய்வாக இறங்கினால் 'பார்ச்சரிவு'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "பார்விளிம்பில் 8 மீட்டரில் கூடி, பார்மதிலை ஒட்டி 25 மீட்டர் வரை இறங்கினோம், கொம்புத்திருக்கை ஒன்று தலைக்கு மேலே கடந்தது." வாயில் தடுக்கவில்லை.

ஆனாலும் அகராதியில் ஏற்றுவதற்கு முன் குமரிக் கரையின் கடியப்பட்டணத்தில் மூச்சடக்கிச் சிப்பி எடுக்கிறவர்களிடம் கேட்டுவிடுவோம். பாறை முடிந்து ஆழம் தொடங்கும் இடத்துக்கு அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், பார்விளிம்பை நீக்கிவிடலாம்.