கிங்டா கா-வை சொல்லாம கொள்ளாம மூடினது சரியா?

அமெரிக்காவோட நியூ ஜெர்சில இருக்குற சிக்ஸ் ஃப்ளாக்ஸ் தீம் பார்க்ல 456 அடி உயரம் நின்ன ரோலர் கோஸ்டர், 2024 நவம்பர்ல கடைசியா ஓடுச்சு, அப்புறம்தான் மூடிட்டோம்னு அறிவிக்கிறாங்க, 2025 பிப்ரவரில வெடி வெச்சு சாய்ச்சாச்சு. கடைசி ரைடுன்னு தெரிஞ்சிருந்தா எத்தன பேர் வந்திருப்பாங்க? சீசன் பாஸ் வாங்குறவங்களுக்கு இதக்கூட சொல்லக்கூடாதா?

பதில் 1:
வலிக்குதுதான் ப்ரோ. ஆனா அது ஹைட்ராலிக் லாஞ்ச், அதாவது எண்ணெய் அழுத்தத்துல ஓடுற மோட்டார் கேபிளால ட்ரெய்ன இழுத்து விடும், 3.5 செகண்ட்ல மணிக்கு 128 மைல் வேகம், அந்த கேபிள், மோட்டார் மேல விழுற லோடு சாதாரணமில்ல. கொஞ்சம் காத்து, மழைன்னாலே நிறுத்திடுவாங்க, க்யூல நின்னவங்க திரும்பிப் போகணும். மெயின்டனன்ஸ் செலவு தாங்காதுங்க.

பதில் 2:
ஒஹாயோல இருக்குற சீடர் பாயிண்ட் பார்க்ல அதே மாதிரி ரைட காந்த லாஞ்சுக்கு மாத்தி டாப் த்ரில் 2-ன்னு 2024 மே மாசம் திறந்தாங்க, ஒரு வாரத்துலயே மூடி அடுத்த வருஷம்தான் திரும்ப ஓடுச்சு. அதனால மாத்துறதும் லேசு இல்ல.

பதில் 3:
எல்லாம் சரி, முன்கூட்டி சொல்றதுல என்ன நஷ்டம்? தேதிக்குத் தேதி டிக்கெட் விலைய மாத்தத் தெரியுதுல்ல, எந்த ரைடு ஓடாதுன்னும் டிக்கெட் வாங்குற பக்கத்துலயே போடட்டும்.