சி பிளாக் குழு: கருப்பனைக் காணோம்

சரசு அக்கா, 4-ஆம் மாடி (காலை 8.10): வணக்கம். மகள் வீட்டில் கிள்ளானில் ஐந்து மாதம் இருந்துவிட்டு நேற்றுதான் வந்தேன். மோட்டார் நிறுத்தும் இடத்தில் ஒரு பழுப்புப் பூனை கருப்பனுடைய தட்டில் சாப்பிடுகிறது. கருப்பன் எங்கே?

ராமு அண்ணன் (8.14): அவன்தான் லா அது.

சரசு அக்கா (8.15): தைப்பூசத்துக்குப் பார்த்தபோது மை மாதிரி இருந்தான். இது காய்ந்த தேங்காய் மட்டை நிறம். விளையாடாதீர்கள் அண்ணே.

ராமு அண்ணன் (8.17): வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கிறதா இல்லையா?

சரசு அக்கா (8.17): பினாங்கில் எத்தனையோ பூனைக்கு வால் அப்படித்தான்!

ராமு அண்ணன் (8.20): சரி, இடது காதைப் பார். கருத்தடை செய்தபோது நுனியை நறுக்கினார்களே, நீதானே கூண்டில் தூக்கிப் போனாய்.

சரசு அக்கா (8.31): பார்த்தேன். கூப்பிட்டதும் வந்து காலைச் சுற்றினான். அவன்தான். ஆனால் இது என்ன கோலம்? வெயிலில் பார்த்தால் உடம்பில் மங்கலாகக் கோடு வேறு தெரிகிறது.

கவிதா, 2-ஆம் மாடி (8.40): அந்தக் கோடு எப்போதும் இருந்ததுதான் அக்கா. கறுப்பு மூடியிருந்தது, இப்போது வெளுத்ததால் தெரிகிறது. கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். கறுப்புப் பூனை பழுப்பாக வெயிலும் காரணமாக இருக்கலாம், சாப்பாடும் காரணமாக இருக்கலாம். முதுகு முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். அப்படியே வயிற்றையும்.

சரசு அக்கா (8.52): முதுகில் நுனிதான் ரொம்பச் செம்பட்டை. வேர்ப்பக்கம் கொஞ்சம் கறுப்பு. ஆனால் அதுவும் பழைய கறுப்பு இல்லை. வயிறும் பழுப்பாகத்தான் இருக்கிறது.

கவிதா (8.55): வயிற்றில் வெயில் எங்கே படுகிறது? அப்படியானால் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். இத்தனை நாளாக என்ன போட்டீர்கள் ராமு அங்கிள்?

ராமு அண்ணன் (9.06): நாசி கண்டார் மிச்சம். சோறு, குழம்பு. சில நாள் நெத்திலி. ஆசையாகத்தான் சாப்பிட்டான்.

சரசு அக்கா (9.06): 🤦🏽‍♀️

கவிதா (9.12): முடியின் கறுப்புக்கு மெலனின் வேண்டும். அதை டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் உடம்பு செய்கிறது. அது இறைச்சி, மீனில் நிறைய உண்டு. பூனை வளர்வதற்குத் தேவைப்படும் அளவைவிட, கறுப்பு கறுப்பாகவே நிற்கக் கூடுதலாக வேண்டும். அதனால் ஆள் கொழுகொழுவென்று இருப்பான், நிறம் மட்டும் போய்விடும். இன்னொன்று, குழம்பு வேண்டவே வேண்டாம் அங்கிள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

ராமு அண்ணன் (9.13): தெரியாமல் போய்விட்டது மா.

மீரா, 6-ஆம் மாடி (9.20): கவிதா, எங்கள் சயாம் பூனைக்கு ஸ்கேன் எடுக்க வயிற்றில் மழித்தார்களே, அந்த இடத்தில் மட்டும் காப்பி நிறத்தில் முளைக்கிறது. புண்ணா?

கவிதா (9.26): பயப்படாதீர்கள். சயாம் பூனைக்கு மெலனின் செய்யும் நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். பூனை உடம்பின் சூடு 38 டிகிரிக்கு மேல். காது, மூக்கு, பாதம், வால் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அங்கேதான் கறுக்கிறது. தாய் வயிற்றில் எல்லா இடமும் சூடு, அதனால் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. மழித்த இடம் போர்வை இல்லாமல் குளிர்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஏர்கோனில்தானே படுக்கிறது?

மீரா (9.27): என் தலையணையில். 😅

ராமு அண்ணன் (9.30): அப்போ பினாங்கு மலை உச்சியில் கொண்டுபோய் விட்டால் முழுக் கறுப்பாகிவிடுமா?

கவிதா (9.33): முழுக்க ஆகாது, கொஞ்சம் கருக்கும். உள்சூடு அப்படியேதான் இருக்கும். மீரா அக்கா, அந்த முடி உதிர்ந்து அடுத்த முடி வரும்போது பெரும்பாலும் பழைய நிறம் வந்துவிடும்.

சரசு அக்கா (9.35): கருப்பனுக்கு?

கவிதா (9.41): நல்ல பூனைத் தீனி போடுங்கள். இருக்கிற முடி மாறாது, புதிதாக முளைப்பதுதான் கறுப்பாக வரும். சில மாதம் பிடிக்கும். எடை குறைந்தாலோ அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், அது வேறு விஷயம். மதியம் தண்ணீர்த்தொட்டி மேல் படுப்பதை நாம் தடுக்க முடியாது, அதனால் முதுகு கொஞ்சம் செம்பட்டையாகவே இருக்கும்.

சரசு அக்கா (9.44): சரி. அண்ணே, அந்தத் தட்டில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி வையுங்கள், நான் மீன் அவித்து எடுத்துவருகிறேன்.

ராமு அண்ணன் (9.45): எனக்கும் சேர்த்தா?

சரசு அக்கா (9.45): உப்பு போடமாட்டேன். பரவாயில்லையா?