வால் அடியில் கடிக்கிறதா, காது ஓரத்தில் சொறிகிறதா?

ஞாயிற்றுக்கிழமை

சத்துவாச்சாரி சித்தப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். நம் நாய் வீரா சில வாரங்களாக ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கிறான். இரவில் பின்னங்கால் வராந்தாத் தரையில் தட்டும் சத்தம் நின்றபாடில்லை. அக்கினி நட்சத்திரத்துச் சூடுதான் காரணம் என்று தெருவில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணு, நீ கால்நடை மருத்துவர் ஆயிற்றே, என்னவென்று பார்த்துச் சொல்லேன்.

குடியாத்தம் பெரியப்பா: தம்பி, எங்கள் ஊர்ப்பக்கம் நாய்க்குச் சொறி வந்தால் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவிவிடுவார்கள். சிலர் மண்ணெண்ணெயும் பூசுவதுண்டு. அது சரியான வைத்தியமா என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்வோம்.

காட்பாடி அக்கா: பெரியப்பா, அவை இரண்டையும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். நாய் தன் உடம்பை நக்குகிற பிராணி என்பதால், மேலே பூசியது தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போய்க் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், தோலும் வெந்து புண்ணாகும். சித்தப்பா, அரிப்பு என்பது நோயின் பெயரன்று, அதற்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எதைத் தடவினாலும் வீண். வீரா எந்த இடத்தில் அதிகமாகச் சொறிகிறான் அல்லது கடிக்கிறான் என்று முதலில் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி சித்தப்பா: பெரும்பாலும் திரும்பி உட்கார்ந்து வாலின் அடிப்பகுதியைத்தான் கடிக்கிறான். அங்கே முடி கொட்டித் தோல் சிவந்து தெரிகிறது. தொடையின் பின்புறமும் அப்படியே இருக்கிறது.

காட்பாடி அக்கா: நல்ல துப்பு கொடுத்தீர்கள். வால் அடி, இடுப்பின் மேற்புறம், பின்தொடை ஆகிய இடங்களென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெள்ளுப்பூச்சியைத்தான். காது மடலின் ஓரமும் முழங்கையும் தடித்துப் பொருக்கு கட்டியிருந்தால் சொறி உண்டாக்கும் நுண்பூச்சியை நினைப்போம். அது மனிதருக்கும் ஒட்டும். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, அக்குள் சிவப்பது ஆகியவை தூசி, மகரந்தம் போன்றவற்றின் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் பிசுபிசுத்துப் புளித்த வாடை வீசினால் பூஞ்சையும் சேர்ந்திருக்கும்.

ஆரணி அத்தை: கோழிக்கறி போடுவதை நிறுத்திப் பார்த்தால் என்ன?

காட்பாடி அக்கா: உணவு ஒவ்வாமையும் உண்டு, அத்தை. ஆனால் அதை உறுதிசெய்ய அதுவரை சாப்பிட்டறியாத உணவை மட்டும் 8 வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. ஆகவே முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். சித்தப்பா, ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வீராவை நிறுத்தி, பேன் சீப்பால் வால் அடியிலிருந்து முடியை வாரிவிடுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதாவது விழுந்தால் அதை ஈரமான வெள்ளைப் பஞ்சில் வைத்து லேசாக அழுத்துங்கள். மண்ணாக இருந்தால் நிறம் மாறாது. தெள்ளுவின் எச்சமாக இருந்தால், அது செரித்த இரத்தமே ஆதலால், பஞ்சில் செம்பழுப்பாக ஊறும்.

சத்துவாச்சாரி சித்தப்பா: (படம்) நீ சொன்னபடியே செய்தோம், கண்ணு. பஞ்சில் துரு நிறத்தில் வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கிறது. ஆனால் பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே! பேரனின் கணுக்காலில் கொசு கடித்ததைப் போலச் சிவப்புத் தடிப்புகள் இருப்பதையும் இப்போதுதான் கவனித்தோம்.

காட்பாடி அக்கா: கணுக்காலில் கடிப்பதும் தெள்ளுவின் வழக்கந்தான். பூச்சி தென்படாததற்குக் காரணம், ஒவ்வாமை உள்ள நாய் தானே கடித்து நக்கிப் பூச்சிகளை விழுங்கிவிடுவது. தெள்ளுவின் எச்சிலே ஒவ்வாத நாய்க்கு ஓரிரண்டு கடி போதும், பல நாள் அரிக்கும். நாளைக் காலை எங்கள் மருந்தகத்துக்கு அழைத்து வாருங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, சொறிப்பூச்சி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். அதுவரை மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். அரிப்பு அடங்கியதுபோல் தெரியும், ஆனால் முடிக்கணுவில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சி இருந்தால் அதனால் பெருகிவிடும்.

திங்கட்கிழமை

சத்துவாச்சாரி சித்தப்பா: மருந்தகத்தில் பார்த்தாயிற்று, உறவினர்களே. சுரண்டிப் பார்த்ததில் வேறு பூச்சி இல்லை. மெல்லும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். வீராவுக்கு வலிப்பு எப்போதாவது வந்ததுண்டா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்தபிறகே எழுதினாள்.

காட்பாடி அக்கா: தெள்ளைக் கொல்லும் அஃபாக்சொலானர் வகை மாத்திரை அது, மாதம் ஒன்று கொடுக்க வேண்டும், உண்ணிக்கும் சேர்த்து வேலை செய்யும். புண்ணான இடத்துக்குக் களிம்பும், குறுகிய நாளுக்கு அரிப்பை அடக்கும் மாத்திரையும் தனியாகத் தந்திருக்கிறேன். ஆனால் சித்தப்பா, பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வளர்ந்த தெள்ளு மட்டுமே நாயின் உடம்பில் இருக்கும். அதன் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் வீட்டில்தான் கிடக்கும், எண்ணிக்கையில் அவைதான் மிக அதிகம். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டைவரை இடும், அவை முடியில் ஒட்டாமல் நாய் படுக்கும் இடத்தில் உதிரும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்பிலும் கட்டிலடியிலும் ஒளியும். கூட்டுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, ஆள் நடக்கும் அதிர்வு கேட்டதும் வெளிவரும்.

குடியாத்தம் பெரியப்பா: அப்படியானால் வீட்டை என்ன செய்வது, அம்மா?

காட்பாடி அக்கா: வீரா படுக்கும் சாக்கையும் போர்வையையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து, நம் வேலூர் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் வெயில் பெரிய உதவி. கட்டிலடி, படிக்கட்டு மூலை, வராந்தா வெடிப்பு ஆகியவற்றைத் தினமும் கூட்டி, குப்பையை உடனே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவது இன்னும் நல்லது. வீராவுக்கு நாம் குளிக்கும் சோப்பைப் போடாதீர்கள். நாயின் தோலுக்கு அது காரமாகி வறட்சியையும் அரிப்பையும் கூட்டும்.

மாதக் கடைசி

சத்துவாச்சாரி சித்தப்பா: சொறிவது வெகுவாகக் குறைந்துவிட்டது, வால் அடியில் பொடிமுடி முளைத்திருக்கிறது. ஆனால் நேற்றும் போர்வையில் ஒரு தெள்ளு குதித்தது. மாத்திரை கேட்கவில்லையோ?

காட்பாடி அக்கா: கேட்கிறது, சித்தப்பா. அது கூட்டிலிருந்து புதிதாக வந்தது, வீராவைக் கடித்த சில மணி நேரத்தில் செத்துவிடும். 3 மாதமாவது விடாமல் கொடுத்தால்தான் வீட்டிலுள்ள கூடுகள் எல்லாம் தீரும்.

ஆரணி அத்தை: வீராவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பூனை வந்து வராந்தாவில் படுக்குமே, அதற்கும் வீராவின் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?

காட்பாடி அக்கா: கூடாது, அத்தை. பூனைக்கென்றே உள்ள மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்து. ஆனால் அதற்கும் மருந்து தராவிட்டால் தெள்ளு திரும்பி வந்துகொண்டே இருக்கும். சித்தப்பா, பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, பூனையை மூடிய கூடையில் வைத்து நாளைக் காலை 8 மணிக்கு மேல் மருந்தகத்துக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி சித்தப்பா: இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், கண்ணு. நானும் அவர்களோடு வருகிறேன்.