பாத்திரக் கடைக்கு ஒரே டேபிள் போதாதா?

கேள்வி:
அப்பா பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். எல்லாம் நோட்டுக் கணக்கு. அதைக் கணினியில் ஏற்றலாமென்று ஒரே டேபிள் போட்டேன்: பெயர், போன், தேதி, பொருள்1 முதல் பொருள்10 வரை. போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் பதினோரு வகைச் சாமான் கேட்டார்கள். சரியென்று பொருள்11 சேர்த்தேன். அப்புறம் அதே வீட்டார் 100 நாற்காலியில் 92-ஐ மட்டும் கொண்டுவந்து, மீதி நாளைக்கு என்றார்கள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பதில் 1:
டேபிளை மூடிவைத்துவிட்டுத் தாளும் பென்சிலும் எடுங்கள். 1976-இல் கணினி அறிஞர் பீட்டர் சென் எழுதிய ஈ.ஆர். மாடல் (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்; டேபிள் போடும் முன் எதற்கெல்லாம் கணக்கு, அவை எப்படிச் சேர்கின்றன என்று படமாக வரைவது) இதற்குத்தான். செவ்வகத்தில் என்டிட்டி, அதாவது நாம் தனியாகக் கணக்கு வைக்கும் ஆள், பொருள், நிகழ்வு; சாய்சதுரத்தில் அவற்றைச் சேர்க்கும் உறவு; நீள்வட்டத்தில் பண்பு, அதாவது பெயர், தேதி, எண்ணிக்கை போன்ற விவரம்.

உங்களுக்கு மூன்று செவ்வகம்: வாடிக்கையாளர், புக்கிங், பொருள். ஒருவர் பல புக்கிங் போடலாம். ஒரு புக்கிங் ஒருவருடையதுதான். ஆனால் ஒரு புக்கிங்கில் பல பொருள், ஒரு பொருள் பல புக்கிங்கில். இது பலவுக்குப் பல. இப்போது சொல்லுங்கள், அந்த 100 யாருடைய பண்பு? நாற்காலியுடையதும் இல்லை, புக்கிங்குடையதும் இல்லை. இரண்டையும் சேர்க்கும் உறவுடையது. பேசிய வாடகையும் அங்கேதான். அதைப் பொருளில் மட்டும் வைத்தால், அடுத்த வருடம் ரேட்டை ஏற்றும்போது பழைய பில்லெல்லாம் மாறிப்போகும். நான் பட்டிருக்கிறேன்!

பதில் 2:
ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி எண் கொடுத்தால் எது வரவில்லை என்றே தெரிந்துவிடுமே?

பதில் 1:
அதை அவர் அப்பாதான் சொல்ல வேண்டும். எந்த நாற்காலி என்று அவர் பார்ப்பாரா, எத்தனை என்று மட்டும் பார்ப்பாரா? கடையில் பிரித்துப் பார்க்காததை மாடலில் பிரித்தால் தினமும் எண் அடித்தே கை ஓய்ந்துவிடும். திரும்பி வருவதைத் தனி என்டிட்டியாக வையுங்கள்: தேதி, எண்ணிக்கை. இன்று 92, நாளை 8 என்று இரண்டு வரி.

கேட்டவர்:
அப்பாவிடம் கேட்டேன். நாற்காலிக்கு எண்ணிக்கை மட்டும்தானாம். பெரிய அண்டா ஒவ்வொன்றிலும் எண் வெட்டி வைத்திருக்கிறார், எது யார் வீட்டில் ஒடுக்கு வாங்கியது என்று தெரிய. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்குத் தனிக் கணக்கே ஓடுகிறது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

பதில் 1:
அப்போது, திரும்பி வருவதற்குப் போட்ட நான்காவதோடு, அண்டாவுக்கு ஐந்தாவது செவ்வகம் போடுங்கள்.